சிரிக்கிறாரா, திட்டுறாரா

குடிகாரப் புருஷன் சிரித்துக்கொண்டு வந்தால் பெண்டாட்டி பெருமூச்சு விடுவாள், கத்திக்கொண்டு வந்தால் கதிகலங்குவாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எங்கும் உள்ளதுதான். நீராவியின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் காரணம் வேறு. குடித்திருந்தால் அவர் சிரிப்பார். கத்தினால் அது குடி இல்லை, உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குடி அவரைத் தள்ளாட வைக்கும், அதோடு சரி. இறங்குகிற சர்க்கரை ஆளையே கொண்டுபோய்விடும். இந்த வித்தியாசம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட ஒரே புண்ணியத்தில் மனிதர் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

நீராவி என்பது ஆலையில் வைத்த பெயர். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் படுக்கை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய சலவை ஆலை அது. அங்கே அவர் பாய்லர்காரர். துவைக்கும் டிரம், உலர்த்தும் டிரம், இஸ்திரி உருளை எல்லாவற்றுக்கும் ஆவி போவது அவர் அறையிலிருந்துதான். பிரஷர் மீட்டரின் முள்ளையும், பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. புதிதாக யார் வந்து எட்டிப் பார்த்தாலும் அவர் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டார். "கண்ணாடியில தண்ணி காணாமப் போச்சுன்னா என்ன செய்வ?" என்று கேட்பார். வந்தவன் யோசிக்காமல், "தண்ணி விடுவேன்" என்பான். "விட்டா நீயும் இருக்க மாட்ட, இந்தக் கட்டடமும் இருக்காது. காய்ஞ்ச இரும்புல பச்சத் தண்ணி படக் கூடாது. முதல்ல நெருப்ப அணைக்கணும், அப்புறம் ஆளக் கூப்பிடணும். கொறையுதுன்னு கண்டதும் ஊத்துறது முட்டாள் வேலை." சொல்லிவிட்டு எதிராளியின் முகம் மாறுவதை ரசிப்பார்.

குடி வாலிபத்திலேயே வந்து சேர்ந்தது. சர்க்கரை நாற்பது தாண்டி வந்தது. "குடி மூத்தவ, சர்க்கரை இளையவ. ரெண்டு சக்களத்திக்கும் நான்தான் வடிச்சுக் கொட்டுறேன்" என்பாள் மனைவி. அதே ஆலையில் தையல் அறையில் அவளுக்கு வேலை. கிழிந்து வரும் விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டு, ஓரம் அடித்து அனுப்புவாள். எல்லோரும் ஊசியக்கா என்று கூப்பிட்டார்கள். மாத்திரை போதாமல் அவருக்கு இன்சுலின் எழுதிக்கொடுத்த பிறகு அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திப்போயிற்று. காலையில் அவர் வயிற்றில் ஒரு ஊசி, பகலெல்லாம் துணியில் ஊசி, சாயங்காலம் மறுபடி அவர் வயிற்றில். "துணி கூட இவ்வளவு நெளியாது" என்று சொல்லிக்கொண்டே குத்துவாள்.

ஊசியும் சாராயமும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியாது, எந்த நேரத்தில் சர்க்கரை படுத்துக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். நீராவி பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். வரும் வழியில் கடையில் நுழைந்தார். பிறவிக் குணத்துக்கு மட்டை வைத்துக் கட்டினாலும் நிற்காது என்பார்களே, அந்த ரகம்.

ஊசி போட ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அவர் வாசலில் நின்று தெருவே அதிரும்படி கத்தினார். செருப்பைக் கழற்றிக் கதவின்மேல் எறிந்தார். எந்த நாளும் குரல் உயர்த்தாத மனிதர். இன்றைக்கு அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டார் என்று அவள் கதவைத் திறக்கவில்லை. படியில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தாள். சட்டை நனைந்து பிழியும் அளவுக்கு வேர்வை. வாயில் சாராய வாடை இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டியதை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்மா" என்றார்கள். அன்றையிலிருந்து அவள் படித்த பாடம்தான் அந்த வித்தியாசம்.

பாடத்தில் மகளுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாலையில் அப்பா தெருமுனையில் திரும்பும்போது ஜன்னலில் நிற்க வேண்டும். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "சிரிக்கிறாரா, திட்டுறாரா?"

"சிரிக்கிறாரும்மா! கம்பத்துக்கு வணக்கம் சொல்றாரு!"

"சரி, தொலையட்டும். நீ படி."

வேறொரு நாள், "திட்டுறாரும்மா! நாயத் திட்டுறாரு!" என்று ஜன்னல் கத்தும். உடனே டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். அவர் படியேறும்போது கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் வாசலில் நிற்கும். "எனக்கு எதுக்குடி தண்ணி? நான் என்ன மாடா?" என்று அவர் சீறுவார். மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்துவிட்டு, கடிகாரத்தின் பெரிய முள் மூன்று எண்களைத் தாண்டும்வரை எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பாள். அதற்குள் தெளியாவிட்டால் இன்னொரு டம்ளர். தெளிந்ததும் அவர் அசடு வழியச் சிரிப்பார். "மாடுதான், சந்தேகமே இல்ல" என்பாள்.

அவருடைய வேலைச் சட்டை ஒவ்வொன்றிலும் உள்பக்கம், நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை தைத்துவைத்திருந்தாள். அதில் சர்க்கரைப் பொட்டலம். தினமும் சட்டையை எடுத்துக் கொடுக்கும்போதே விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். வேர்வையில் கரைந்திருந்தால் மாற்றுவாள்.

இவ்வளவும் செய்தவளுக்கு ஒரே ஒரு கவலை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. எப்போதாவது ஊசி போடும் நேரத்தில் அது வெளியே வரும். "நான் முந்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க? நடுரோட்டுல கெடந்தாலும் குடிகாரப் பயன்னு தாண்டிப் போயிடுவாங்க. நல்ல மனசு இருக்கிறவன் ஒருத்தன் வந்தா நெழல்ல இழுத்துப் போட்டுட்டுப் போவான். அவ்வளவுதான் உங்களுக்கு."

"நீ எங்கடி முந்துற? வரிசையில நான்தான் முன்னால நிக்கிறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆலையில் இன்சூரன்ஸ் பேச்சு வந்தால் ஒரு பார்வை அவர் பக்கம் போகும். கல்யாணமாகிப் போன மகள் கூட, "அப்பாவுக்கு அப்புறம் நீ எங்க வீட்டுக்கு வந்துடும்மா, ஒரு ரூம் இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். சொல்லும்போது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். "நல்ல ரூமா?" என்று கேட்டுச் சிரித்தார். திருடன் வரப்போகிறான் என்று வீடே முன்வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்வாசல் ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவள் மாமியார் வீட்டு விருந்து ஒன்றில் நீராவி சிரித்துச் சிரித்து, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றின்மேல் சாய்ந்துவிட்டார். அலமாரி போனது பெரிதில்லை. சம்பந்தி வீட்டார் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்த பார்வைதான் அவளைக் கொன்றுவிட்டது. அப்பாவை வாசலுக்குக் கூட்டிவந்து, குரலே உயர்த்தாமல் சொன்னாள்: "அப்பா, இன்னொரு தடவ இந்த வாடை என் மூக்குல பட்டுச்சுன்னா உங்க வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அம்மா மேல சத்தியம்." அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு மகள் வருகிற நாட்களில் குடிப்பதில்லை. அவள் திடீரென்று வந்துவிட்டால் கொல்லைப்புறம் ஓடிப் பல்லை விளக்கி, கிராம்பை மென்று, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை. மகளுக்குத் தெரியாமல் இல்லை. அம்மா முகத்துக்காக மூக்கை மூடிக்கொண்டாள்.

அந்த மத்தியானம் ஆலைக்கு விடுமுறை. காலையிலிருந்தே வெயில் மந்தமாக, காற்றில்லாமல் இருந்தது. நீராவி பதினோரு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். சாப்பாடு முடிந்து, நாற்காலியில் சாய்ந்து, ஆலையில் யாரோ காலுறையை ஆஸ்பத்திரிப் போர்வையோடு துவைத்து அனுப்பிய கதையைச் சொல்லித் தானே சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சட்டையில் கை நின்றது.

"என்னமோ ஒரு மாதிரியா வருது" என்றாள்.

நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை லேசாக நடுங்கியது. உதடு வெளுத்திருந்தது. நீராவி எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். அந்த வீட்டில் வேர்வைக்கும் நடுக்கத்துக்கும் ஒரே பெயர்தான் உண்டு. இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குள் வந்துபோன நோயும் அந்த ஒன்றுதான்.

"ஏம்மா, இது நம்ம சமாச்சாரம் மாதிரியில்ல இருக்கு? உனக்கும் எறங்குது போல!"

அவளும் யோசித்தாள். "அப்படியுமா ஒட்டும்? காலையில சரியா சாப்பிடல. அதான்னு நெனக்கிறேன்."

அவருக்கு ஒரே உற்சாகம். சொல்லப்போனால் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். இத்தனை காலம் டம்ளரை வாங்கிக் குடித்த கைக்குக் கலக்கிக் கொடுக்கிற யோகம் வந்திருக்கிறது. அடுப்படிக்குப் போய் சர்க்கரை டப்பாவைத் தேடினார். கீழே கொஞ்சம் சிந்தினார். கரண்டியை டம்ளரில் அவளைப்போலவே சுழற்றினார். கொண்டுவந்து நீட்டியபோது அவள் கூட லேசாகச் சிரித்தாள்.

"நீங்க கலக்கி நான் குடிக்கிறதா? கலி முத்திப்போச்சு."

"மூக்கப் பிடிக்கவா?"

சர்க்கரை பார்க்கும் மெஷின் அலமாரியில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கப் போனார். "வேணாம், அதுல சொருகுற பட்டை நாலுதான் கெடக்கு, உங்களுக்கே பத்தாது. எனக்கு எதுக்கு வீணா?" என்று தடுத்துவிட்டாள். அவரும் திரும்பிவிட்டார். எதிரில் உட்கார்ந்து, அவள் வழக்கப்படியே கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய முள் மூன்று எண்களைத் தாண்ட வேண்டும்.

ஒரு எண் தாண்டியது. அவள் தோளைச் சுற்றினாள். "முதுகுல ஏதோ அடைக்குது. தாடை கூட வலிக்குது." அவர் தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டார். இரண்டாவது எண். வேர்வை நிற்கவில்லை, ரவிக்கை நனைந்துவிட்டது. "ரெண்டாவது டம்ளர் கலக்கவா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை.

பிறகு சொன்னாள்: "பொண்ணக் கூப்பிடுங்களேன்."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ ஒன்று இருந்தது. நீராவி போனைக் கையில் எடுத்துவிட்டார். மகளின் எண்ணும் திரையில் வந்துவிட்டது. அப்போது தன் மூச்சின் சாராய வாடை தனக்கே அடித்தது. மகள் வீடு பக்கம், கூப்பிட்ட கையோடு வந்து நிற்பாள். அம்மா மேல் செய்த சத்தியம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் அவள் வாசலோடு திரும்பிவிட்டால்? கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார். போனை மேஜைமேல் வைத்தார்.

"இதோ, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கொல்லைப்புறம் போனார்.

பல்லை விளக்கினார். நன்றாக, நாக்கு வரை விளக்கினார். கொப்பளித்தார். மறுபடி விளக்கினார். கிராம்பு டப்பா இருந்த இடத்தில் இல்லை, தேடி எடுத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார், பித்தான் தப்பி மறுபடி போட்டார். கண்ணாடியில் பார்த்தபோது, நுரை ஒட்டிய வாயோடு பால் திருடிய பூனை ஒன்று தெரிந்தது. குடித்திருந்ததால் சிரிப்பு வந்தது. சிரித்தார்.

திரும்பி வந்தபோது அவள் மடித்த துணிகளின்மேல் சாய்ந்திருந்தாள். டம்ளர் கட்டிலின் விளிம்பில் கவிழாமல் நின்றது. பெரிய முள் மூன்றாவது எண்ணைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதில் சின்னவர். மாரடைப்பு என்றார். "வேர்த்து, முதுகு வலிச்சதுமே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

"சர்க்கரை எறங்கிடுச்சுன்னு நெனச்சோம்."

"அவங்களுக்கு சர்க்கரை உண்டா?"

"இல்ல. எனக்குத்தான்."

டாக்டர் ஏதோ எழுதப் போவதுபோலப் பேனாவைத் தேடினார். மகள் அந்த நேரத்தில்தான் ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அழுகை கூட வரவில்லை. அவர் முகத்துக்கு அருகே குனிந்து, "கிராம்பு மென்னீங்களா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். எப்போது மென்றீர்கள், எதற்காக என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது அப்படியே தொண்டையில் நின்றுவிட்டது.

ஆலைக்குத் திரும்பிய முதல் நாள், பாய்லர் அறையில் கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தன் பாடமே ஞாபகம் வந்தது. குறையுது என்று கண்டதும் ஊற்றுவது முட்டாள் வேலை, முதலில் ஆளைக் கூப்பிடு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஊருக்கு உபதேசம். அன்றையிலிருந்து புதிதாக வந்து எட்டிப் பார்ப்பவனிடம் அவர் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

குடியை விட்டார். சபதம் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். பழக்கப்படி சிரிப்பு வந்தது. யாருமில்லாத அறையில் தன் சிரிப்பு தனக்கே கேட்டதும் உடம்பு குளிர்ந்துபோயிற்று. அந்த வீட்டில் சிரிக்க அவரால் முடியவில்லை, ஆகவே குடிக்கவும் முடியவில்லை. யாரும் இதை நம்பவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிலர் சொன்னார்கள். சொல்லாதவர்கள், எவ்வளவு நாளைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் தினமும் போன் செய்தாள். வருவதில்லை. "ஊசி போட்டீங்களா?" "போட்டேம்மா." "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான், போன் அணையும். முதல் பதில் உண்மை. மனைவி குத்திப் பழக்கிய இடத்தில், பழைய அளவு மாறாமல் குத்திக்கொள்வார். இரண்டாவது பதில் பெரும்பாலும் பொய். ஒருத்தருக்குச் சமைக்க அலுப்பாக இருந்தது. சாப்பாட்டுக்கு அளந்த மருந்து வெறும் வயிற்றில் போய் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே தட்டைத் தள்ளிவிட்டுப் போனார். சட்டையின் உள்பை மட்டும் தையல் பிரியாமல் இருந்தது. அதை நிரப்பியது எப்போதும் அவள் கை, அதனால் நிரப்ப வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

அப்படி ஒருநாள் காலையிலும் ஊசி மட்டும்தான். தட்டில் ரொட்டி கடிபடாமல் கிடந்தது.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிரஷர் மீட்டரில் இரண்டு முள் தெரிந்தது. யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார். மீட்டரைத் தட்டினார். "எவன்டா இத மாத்துனது?" என்று கத்தினார். இஸ்திரிப் பகுதியில் வேலை பார்க்கும் பெண் ஆவி குறைகிறதென்று சொல்ல வந்தாள். ஊசியக்காவோடு ஒன்றாகச் சாப்பிட்டவள், இவரை அண்ணே என்று கூப்பிடுகிறவள். "போடி வெளிய! எனக்கு வேலை சொல்ல வந்துட்டா!" என்று விழுந்தார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவருக்கும் நல்ல பூசை கிடைத்தது.

அவருக்குள்ளே எங்கோ ஒரு மூலையில் இன்னொரு நீராவி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுகிறோம், குடிக்கவில்லை, குடிக்காமல் திட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்தது. சர்க்கரை என்ற ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும். நாக்கு அதற்கு மட்டும் வளையவில்லை, வசவாகவே வந்தது. கையை விட்டு உள்பையைத் தடவினார். விரல் அடித்தையல் வரை போய்விட்டு வெறுங்கையாகத் திரும்பியது. மறுபடி தடவினார்.

"பாட்டிலத் தேடுறாரு பாரு" என்றான் யாரோ.

"விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொன்னதெல்லாம் சும்மாவா?"

பனைமரத்தடியில் பால் குடித்தாலே கள் என்பார்கள். இவர் வாழ்நாள் முழுக்கப் பனைமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தவர். ஊரைச் சொல்லிக் குற்றமில்லை.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். பாய்லருக்கு வேறு ஆளைப் போட்டார். "பொண்டாட்டி போன துக்கம், பாவம், மேல சொல்ல வேணாம்" என்றார். இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பிரிக்காத விரிப்பு மூட்டைகளின் நிழலில் படுக்க வைத்தார்கள். ஒருவன் மேலே ஒரு போர்வையைப் போர்த்தினான். அப்போதுதான் நீராவிக்கு உண்மையாகவே பயம் வந்தது. மனைவி சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது, நிழல் உட்பட. எழுந்து கத்த வேண்டும் என்று நினைத்தார். உடம்பு வேர்வையில் குளிர்ந்து எங்கோ தூரத்தில் கிடந்தது. திட்டுவது கூட நின்றுபோயிற்று.

"அடங்கிட்டாரு. நல்லாத் தூங்கட்டும், எழுந்தா சரியாயிடும்" என்ற குரல் கேட்டது. பிறகு உலர்த்தும் டிரம்மின் சத்தம் மட்டும்.

சூப்பர்வைசர் மகளுக்குப் போன் செய்ததும் அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுதான். டிரம் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். "அம்மா, கோவிச்சுக்காத, அப்பா இன்னைக்குக் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்துட்டாரு. கலாட்டா பண்ணிட்டாரு. வந்து கூட்டிட்டுப் போயிடேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. போனை வைத்துவிடுவாள் என்று நீராவி நினைத்தார். வைத்தாலும் நியாயம்தான் என்றும் நினைத்தார்.

வைக்கவில்லை. ஒரு கேள்வி வந்தது. குரல் மகளுடையது, ஆனால் அது அடுப்படியிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"சிரிக்கிறாரா, திட்டுறாரா?"

"என்னம்மா கேக்குற?"

"அப்பா சிரிக்கிறாரா, திட்டுறாரான்னு கேக்குறேன்! சொல்லுங்க!"

"திட்டுனாருதான். வந்ததுலேர்ந்து கண்டபடி திட்டுனாரு. இப்பத்தான் அடங்கி நிம்மதியாத் தூங்குறாரு..."

"தூங்கலண்ணே! அது தூக்கம் இல்ல! எழுப்புங்க! சர்க்கரை குடுங்க, முழுங்க முடியலன்னா தண்ணி ஊத்தாதீங்க, கன்னத்துக்குள்ள தடவுங்க! ஆம்புலன்சக் கூப்பிடுங்க! சிரிச்சாத்தான் குடிச்சிருக்காருன்னு அர்த்தம், எங்க அப்பா குடிச்சாத் திட்ட மாட்டாரு!"

ஓடும் காலடிகள் கேட்டன. டீ போடும் இடத்திலிருந்து சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தது, காலையில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த இஸ்திரிப் பெண்தான். தலையை மடியில் தூக்கி வைத்து, விரலில் சர்க்கரையைத் தொட்டு ஈறில் தடவினாள். "அண்ணே, முழுங்குங்கண்ணே" என்று அழுதாள். மறுபடி தடவினாள்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாக்கின் ஓரத்தில் இனிப்புத் தெரிந்தது. மனைவிக்கு அவர் கையால் கலக்கிக் கொடுத்ததும் இதே இனிப்புதான். அன்றைக்கு வேண்டாத இடத்துக்குப் போனது, இன்றைக்கு வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்த பிறகுதான் கண் திறந்தது. மேலே குனிந்த முகங்கள் தெரிந்தன. தூரத்தில் ஆம்புலன்ஸ் வரும் சத்தம் கேட்டது. நாக்கு வளைந்தது. சர்க்கரை என்று சொல்ல இனித் தேவை இல்லை. இத்தனை நாள் தொண்டையில் நின்றிருந்ததைச் சொன்னார்.

சூப்பர்வைசர் போனைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோனார். "கண்ணத் தொறந்துட்டாரும்மா! சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. அழுறாரு. என்னமோ சொல்றாரு... உங்கம்மா உன்னக் கூப்பிடச் சொன்னாளாம், இவரு பல்லு வெளக்கிட்டு இருந்தாராம். அதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. பாவம், இன்னும் தெளியல போல."

மறுமுனையில் அவள் போனை வைக்கவில்லை.